கை விளங்காமல் போனால் கணக்கும் முடங்கிவிடுமா?

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 74 வயது. அப்பா ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது. ஆடி மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, வேலூரில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு குழறுகிறது. ஆனால் யார் வந்தாலும் அடையாளம் தெரிகிறது, பால்காரருக்கு எத்தனை நாள் பாக்கி என்று இடது கை விரலை மடக்கிக் காட்டுகிறார்.

சகோதரி பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறார். முதல் தடவை அம்மாவின் இடது கைப் பெருவிரல் ரேகையை ஃபாரத்தில் வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனபோது, “இது கையெழுத்துக் கணக்கு, கைநாட்டு செல்லாது, அம்மாவை நேரில் கூட்டி வாங்க” என்றார்கள். ஆம்னி வேன் வாடகைக்குப் பிடித்து அம்மாவைக் கூட்டிப் போனார். வங்கி வாசலில் நான்கு படி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். உள்ளே இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு “சிஸ்டம் வேலை செய்யல, நாளைக்கு வாங்க” என்ற பதில் வந்தது. மூன்றாவது தடவை மேனேஜரைப் பார்த்தபோது, வீட்டுக்கு வந்து பணம் கொடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை, பவர் பத்திரமோ கோர்ட் ஆர்டரோ கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். வெளியே வரும்போது ஓர் ஊழியர் மெதுவாக, “கார்டுதான் இருக்கே, ஏடிஎம்மில் எடுத்துக்கோங்கம்மா” என்றாராம். அன்றிலிருந்து அப்படித்தான் எடுக்கிறார். இப்போது பெங்களூரில் இருக்கும் தம்பி, அம்மா பணத்தை அக்கா எடுத்துத் தின்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் பேசுகிறார்.

அடுத்த மாதம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் டெபாசிட் முதிர்கிறது. அதற்குச் சகோதரிதான் நாமினி. அவர் கேட்பது இவை: வங்கி சொன்னது சரியா? நாமினியான நானே டெபாசிட்டை எடுக்க முடியாதா? சார்பதிவாளர் அலுவலகம் பக்கத்தில் பத்திரம் எழுதுபவர் ஆறாயிரம் ரூபாய்க்குப் பவர் பத்திரம் போட்டுத் தருகிறேன் என்கிறார், போடலாமா? பத்து லட்சம் நஷ்டஈடு கேட்டு வங்கி மேல் வழக்குப் போடலாம் என்று தம்பி சொல்கிறாரே, அது நடக்குமா? நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் (பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று) கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடுமா?

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த நான்கு படிகளில் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறியதை எழுதும்போது, “அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலைமைக்கு அம்மாவைக் கொண்டுவந்திருக்கவே கூடாது. நீங்கள் வங்கியிடம் தயவு கேட்கவில்லை. உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பல வருடங்களுக்கு முன்பே விதி எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கவுன்ட்டரில் யாரும் அதை உங்களுக்குச் சொல்லவில்லை.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். உங்கள் அம்மாவுக்குக் கைதான் போயிருக்கிறது, புத்தி போகவில்லை. சட்டத்தில் இவை இரண்டும் இரண்டு வேறு பாதைகள். மேனேஜர் கோர்ட் ஆர்டர் கேட்டது இரண்டாவது பாதையில் போகிறவர்களுக்கு. கோமாவில் கிடப்பவர், தன் பணம் எது, யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரியாத நிலையில் இருப்பவர் ஆகியோருக்காக உயர் நீதிமன்றம் போய்க் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டிவரும். பால் பாக்கியை விரல் விட்டு எண்ணுகிற உங்கள் அம்மாவுக்கு அது தேவையே இல்லை.

கை மட்டும் வராதவர்களுக்கான விதி இப்படி இருக்கிறது. உடம்பு முடியாமல் கையெழுத்துப் போட முடியாதவர், வங்கிக்கு நேரில் வர முடியாதவர், ஆனால் ரேகை வைக்கக் கூடியவர் என்றால், பணம் எடுக்கும் ஃபாரத்தில் கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வாங்கலாம். அந்த ரேகையை, வங்கிக்குத் தெரிந்த, விவகாரத்தில் சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் என்றால் ஏதாவது ஒரு குறி போட்டாலே போதும், அதற்கும் இதே மாதிரி இரண்டு சாட்சிகள். பணத்தை யார் வாங்கிப்போக வேண்டும் என்று கணக்குக்காரரே சொல்லலாம். அந்த நபரையும் இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டி, அவர் கையெழுத்தை வங்கி வாங்கி வைத்துக்கொள்ளும்.

கவனித்துப் பாருங்கள், முதல் தடவை நீங்கள் செய்ததில் எங்கே குறை வந்தது என்று புரியும். வீட்டிலேயே ரேகை வாங்கிக்கொண்டு போனீர்கள். அந்த ரேகை அம்மாவுடையதுதான், அவர் சம்மதித்துத்தான் வைத்தார் என்று வங்கிக்குத் தெரிய வழியில்லை. அதைப் பார்த்து அந்த ஊழியர் பணம் கொடுத்துவிட்டு, நாளைக்கு உங்கள் தம்பி புகார் எழுதினால், அவர் மேல்தான் விசாரணை வரும். கையெழுத்து ஒத்துப்போகாத ஃபாரத்துக்குப் பணம் கொடுத்தால் அந்த நஷ்டம் வங்கியுடையது. அதனால் அந்த ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்ததை நான் தப்பு சொல்ல மாட்டேன். திருப்பிக் கொடுத்த கையோடு “இப்படிச் செய்யுங்கள்” என்று சரியான வழியைச் சொல்லாமல் விட்டதும், படுத்த படுக்கையாக இருப்பவரை நேரில் கூட்டிவரச் சொன்னதும்தான் தவறு.

வீட்டுக்கு வரும் பழக்கம் இல்லை என்றாரே, அதற்கு வருகிறேன். 2017 நவம்பர் 9 அன்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும், மருத்துவர் சான்று உள்ள நோயாளிகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், கணக்கிலிருந்து எடுக்கும் பணத்தை வீட்டிலேயே கொடுப்பது, கேஒய்சி எனப்படும் அடையாளம், முகவரிக்கான காகிதங்களையும் லைஃப் சர்டிபிகேட்டையும் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வது போன்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. உங்கள் அம்மா வயதாலும் தகுதி பெறுகிறார், நோயாலும் தகுதி பெறுகிறார். ஆனால் இதில் ஒரு நெளிவு இருக்கிறது, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2020-ல் இதைப் பற்றி மறுபடி எழுதியபோது, எந்தெந்தக் கிளைகளில் இது கட்டாயம், எந்தக் கிளைகளில் முடிந்தவரை செய்வது என்பதை ஒவ்வொரு வங்கியும் தீர்மானித்து, கிளைகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விட்டுவிட்டது. நியாயமான கட்டணமும் வாங்கலாம். ஆகவே உங்கள் கிளை கட்டாயப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றாலும், “எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது” என்ற பதில் சரியில்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வங்கிக்கு ஒரு எழுத்துபூர்வமான கொள்கை இருந்தாக வேண்டும்.

என் அனுபவத்தில், சிறிய ஊர்க் கிளைகளில் மூன்று பேர் ஐந்து பேர் வேலையைச் செய்கிறார்கள். ஓர் அதிகாரியை அரை நாள் உங்கள் கிராமத்துக்கு அனுப்புவது அவர்களுக்குக் கஷ்டம்தான். அதை மனதில் வைத்து, வேலை நேரம் முடிந்த பிறகோ, கூட்டம் குறைந்த நாளிலோ வாருங்கள் என்று நீங்களே ஒரு தேதி சொல்லிக் கேளுங்கள். கேட்கிற விதம் மாறினாலே சில மேனேஜர்கள் வந்துவிடுவார்கள். வராவிட்டாலும் உங்கள் கையில் காகிதம் இருக்கும்.

இனிமேல் எதையும் வாயால் கேட்காதீர்கள்

உங்கள் மூன்று நடையும் வீணானதற்குக் காரணம், மூன்று முறையும் நீங்கள் போனதற்கே தடயம் இல்லை. முதலில் ஒரு டாக்டர் சான்று வாங்குங்கள். குடியாத்தம் அரசு மருத்துவமனையிலும் வாங்கலாம், வேலூரில் பார்த்த டாக்டரிடமும் வாங்கலாம். அதில் இரண்டு வரி இருக்க வேண்டும்: வலது கை செயலிழந்ததால் கையெழுத்துப் போட இயலாது என்பது ஒன்று; நினைவு தெளிவாக இருக்கிறது, தன் காரியங்களைப் புரிந்து முடிவு எடுக்கக் கூடியவர் என்பது இரண்டு. இரண்டாவது வரியைத்தான் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். வற்புறுத்தி எழுதி வாங்குங்கள். உங்களுக்கு அதுதான் உயிர்.

பிறகு அம்மா பெயரில் ஒரு கடிதம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“கிளை மேலாளர் அவர்களுக்கு. என் வயது 74. பக்கவாதத்தால் வலது கை விளங்காததால் கையெழுத்துப் போடவோ கிளைக்கு நேரில் வரவோ என்னால் முடியவில்லை. மருத்துவர் சான்று இணைத்திருக்கிறேன். நோயுற்ற கணக்குதாரர்களுக்கான ரிசர்வ் வங்கி விதிப்படி, உங்கள் அதிகாரி ஒருவரும் வங்கிக்குத் தெரிந்த இன்னொருவரும் சாட்சியாக இருந்து என் இடது கைப் பெருவிரல் ரேகையைப் பெற்று, நான் குறிப்பிடும் தொகையை என் மகளிடம் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். இயலாது என்றால், எந்த விதியின்படி இயலாது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.”

கடைசி வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். “முடியாது” என்று வாயால் சொல்வது சுலபம். எந்த விதி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் அந்த அதிகாரி விதியைத் தேடிப் படிக்க வேண்டிவரும். படித்தால் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது சாட்சிக்கு நீங்களோ தம்பியோ ஆகாது. அதே கிளையில் கணக்கு வைத்திருக்கும் அக்கம்பக்கத்தவர், ஓய்வு பெற்ற வாத்தியார் யாராவது இருப்பார்களே, அவரைக் கேளுங்கள்.

நாமினி, பவர் பத்திரம், ஏடிஎம் கார்டு

இந்த மூன்றிலும் உங்களுக்குத் தவறான தகவல் வந்திருக்கிறது.

நாமினிக்கு அம்மா உயிரோடு இருக்கும்வரை ஓர் உரிமையும் கிடையாது. அது கணக்குக்காரர் காலத்துக்குப் பிறகு பணத்தை யாரிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீரும் என்பதற்கான ஏற்பாடு மட்டுமே. அப்போதும் நாமினி வாங்கிக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. அதாவது, நாளைக்கு அந்த டெபாசிட் உங்கள் கைக்கு வந்தாலும் தம்பிக்கு அதில் உள்ள வாரிசுப் பங்கு அப்படியேதான் இருக்கும். உங்கள் கடிதத்தில் “எனக்குன்னுதான் அம்மா எழுதி வச்சாங்க” என்று இருக்கிறது. அம்மாவின் மனதில் அப்படி இருந்தால் அதைச் சொல்ல உயில் வேண்டும்.

பவர் பத்திரத்துக்கு அந்த ஆறாயிரத்தைக் கொடுக்காதீர்கள். அரசு பென்ஷன் வரும் கணக்கைப் பவர் வாங்கியவர் இயக்க அனுமதி இல்லை என்று ரிசர்வ் வங்கியே பென்ஷன் பற்றிய தன் கேள்வி பதில்களில் சொல்லியிருக்கிறது. ஆக, மேனேஜர் கேட்ட காகிதத்தைப் பணம் செலவழித்துக் கொண்டுபோனாலும், வேறோர் அதிகாரி அது செல்லாது என்று திருப்பி அனுப்பலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. பவர் கொடுத்தவருக்குப் புத்தி தடுமாறினால் அந்தப் பவரும் அன்றோடு முடிந்துபோகும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அம்மாவுக்கு ரொம்ப முடியாமல் போகும் நாளுக்காக என்று நினைத்துத்தான் நீங்கள் பத்திரம் போடப் பார்க்கிறீர்கள். அந்த நாளில்தான் அது உதவாது.

பென்ஷன் கணக்கில் அனுமதி உள்ளது ஒன்று இருக்கிறது: ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன். மாதா மாதம் இன்ன தொகையை இன்ன கணக்குக்கு மாற்று என்று அம்மா ஒரே ஒரு முறை எழுதிக் கொடுத்தால் போதும். அதனால் நான் சொல்லும் வழி இது. அம்மா பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்த புதிய கூட்டுக் கணக்கு ஒன்றை, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற முறையில் தொடங்குங்கள். பென்ஷன் கணக்கிலிருந்து மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் ஆகிற தொகை மாதா மாதம் அங்கே வரட்டும். முதிர்கிற டெபாசிட்டையும் அதில் வரவு வைக்கச் சொல்லலாம். அதிகாரி வீட்டுக்கு வரும் அந்த ஒரே நாளில் இந்த எல்லா ஃபாரத்திலும் ரேகை வாங்கி முடித்துவிடுங்கள், இரண்டாம் தடவை அவரைக் கூப்பிட வேண்டியிருக்காது. டெபாசிட் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முதிர்ந்த பிறகு கேட்பாரற்றுக் கிடந்தால் அந்த நாட்களுக்கு, சேமிப்புக் கணக்கு வட்டி, டெபாசிட்டின் பழைய வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

ஏடிஎம் கார்டைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் தயங்குகிறேன். ஏனென்றால் நம் ஊரில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது, நீங்களும் வேறு வழியில்லாமல் செய்திருக்கிறீர்கள். ஆனால் பின் நம்பரைப் பெற்ற மகளுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது கார்டின் நிபந்தனை. பெங்களூரில், பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண் தன் கார்டைக் கணவரிடம் கொடுத்தனுப்பினார். மெஷினில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் 25,000 ரூபாய் கழிந்தது. பல வருடம் நடந்த வழக்கில் 2018-ல் அவர் தோற்றார், காரணம் பின் நம்பரைக் கணவருக்குச் சொன்னது. உங்களுக்கு “கார்டில் எடுத்துக்கோங்க” என்று சொன்ன ஊழியர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் நாளை ஒரு தொகை காணாமல் போனால், அவர் அப்படிச் சொன்னார் என்பதை உங்களால் நிரூபிக்க முடியாது. கூட்டுக் கணக்கு வந்ததும் உங்கள் பெயரில் தனிக் கார்டு வாங்கிக்கொண்டு, அம்மா கார்டை எடுத்து வைத்துவிடுங்கள்.

தம்பியின் பேச்சுக்கும் இங்கேதான் மருந்து இருக்கிறது. இதுவரை கார்டில் எடுத்த ஒவ்வொரு தொகைக்கும் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதுங்கள். மருந்துக் கடை பில், பிசியோதெரபி, டயப்பர், ஆம்னி வாடகை எல்லாம். பில் தொலைந்தவற்றுக்குத் தேதியாவது எழுதுங்கள். கூட்டுக் கணக்கு தொடங்கும் முன் தம்பியைக் கூப்பிட்டு, அம்மா எதிரிலேயே சொல்லுங்கள். மாதம் ஒருமுறை பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள். கூட்டுக் கணக்கில் உங்கள் பெயர் இருப்பதாலேயே அந்தப் பணம் உங்களுடையது ஆகிவிடாது என்பதையும் மனதில் வையுங்கள். நீங்கள் களங்கமில்லாமல் இருப்பது உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிகிறது. சொந்தக்காரர்களுக்குத் தெரிவதற்குக் கணக்கு நோட்டு வேண்டும்.

லைஃப் சர்டிபிகேட்டுக்காக அம்மாவை எங்கேயும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். செல்போனில் முகத்தைக் காட்டியே டிஜிட்டலாக எடுக்கலாம். அது சரிவரவில்லை என்றால் தபால்காரர் கட்டணத்துக்கு வீட்டுக்கே வந்து எடுத்துத் தருகிறார், உங்கள் ஊர் தபால் நிலையத்தில் சொல்லி வையுங்கள். நவம்பர் தவறி பென்ஷன் நின்றாலும் சான்று கொடுத்ததும் நிலுவையோடு வந்துவிடும், பயப்படாதீர்கள்.

பத்து லட்சம் வழக்கு

தம்பி கோபத்தில் சொல்கிறார். நஷ்டஈடு என்பது நடந்த நஷ்டத்துக்கும் பட்ட அலைச்சலுக்கும் தக்கதாகத்தான் கிடைக்கும். பத்து லட்சத்துக்கு உங்களிடம் கணக்குக் காட்ட எதுவும் இல்லை. உங்களுக்கு இப்போது வேண்டியது அம்மாவின் பணம் மாதா மாதம் சிக்கலில்லாமல் கைக்கு வருவது.

அதற்கு வரிசை இது. கிளைக்குக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், கிளையின் அறிவிப்புப் பலகையில் பெயர் இருக்கும் நோடல் அதிகாரிக்கு, அதாவது வங்கியில் புகார்களைக் கவனிப்பவருக்கு, அதே கடிதத்தை அனுப்புங்கள். வங்கி நிராகரித்தாலோ, புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் வராவிட்டாலோ, தாமதிக்காமல் வங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக ஆக்கியிருக்கிறார்கள். இணையத்தில் போடலாம், தபாலிலும் அனுப்பலாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். கட்டணம் இல்லை. அம்மா எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் அவருக்காக நீங்களே பேசலாம். வழக்கறிஞர் மூலம் போகத்தான் அங்கே அனுமதி இல்லை, ஆகவே அதற்காக என்னைப் போன்ற யாருக்கும் நீங்கள் பீஸ் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுக்காமல் நேராக அங்கே போனால் மட்டும் தள்ளுபடி ஆகிவிடும். நீங்கள் மூன்று முறை நடந்ததெல்லாம் புகாராகக் கணக்கில் வராது.

அதிலும் தீராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வங்கிச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது, குறை நடந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகிற உங்களுக்கு, வாய்தா வாய்தாவாக வேலூர் வந்து போவதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன்.

இந்த வாரமே டாக்டர் சான்றை வாங்கிவிடுங்கள். அடுத்த திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுக்கும்போது தனியாகப் போகாமல், சாட்சியாக வரப்போகும் அந்தப் பெரியவரையும் கூட்டிப் போங்கள். சீல் போட்ட நகலின் படத்தை எனக்கு அனுப்பி வையுங்கள். 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.